வெறுங்கையோடு வார்டுக்குள்: சாப்ளின் பயிற்சியில் சந்தித்தவர்கள்

வார்டு நடை:
இறையியல் முடித்துவிட்டு மருத்துவமனை மேய்ப்புப் பயிற்சிக்கு, அதாவது நோயாளிகளைச் சந்தித்து ஆறுதலாக இருக்கும் ‘சாப்ளின்’ ஊழியத்துக்கான பயிற்சிக்கு, போகிறவர்கள், ‘அங்கே என்னதான் சொல்லித் தருவார்கள்?’ என்று கேட்கிறார்கள். பாடத்திட்டத்தைச் சொன்னால் ஒன்றும் புரியாது. ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

டயாலிசிஸ் பிரிவில் ஒரு பெரியவர். நான் உள்ளே நுழைந்ததுமே, “ஜெபம் பண்ண வந்திருந்தா வேண்டாம் தம்பி, காலையிலயே ரெண்டு பேர் பண்ணிட்டாங்க” என்றார். ஒரு முறை இயந்திரத்தில் போட்டால் நான்கு மணி நேரம் ஆகும். அவரால் எழுந்து போக முடியாது, என்னைப் போகச் சொல்லவும் கூச்சம். அதனால் “இருக்கட்டுமா, கிளம்பட்டுமா ஐயா?” என்று நானே கேட்டேன். “இருங்க” என்றார். அப்புறம் பேசியதெல்லாம் மகன் விற்றுவிட்ட லேத் பட்டறையைப் பற்றித்தான். ஊசி போடாத கையின் விரலால் போர்வையில் கோடு கிழித்து, எந்த இயந்திரம் எங்கே நின்றது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று காட்டினார். சாமி பேச்சே வரவில்லை.

அன்றிரவே அதை வெர்பாட்டிமாக, அதாவது பேசியது பேசியபடியே, எழுத வேண்டும். நாடக வசனம் மாதிரி, அவர் சொன்னது, நான் சொன்னது, நடுவில் விழுந்த மௌனம், யார் எங்கே பார்த்தார்கள் என்பது வரை. பெயரையும் அடையாளத்தையும் மாற்றிவிடுவோம். மறுநாள் குழுவில் சக மாணவர் ஒருவர் பெரியவராக வாசித்தார். சூப்பர்வைசர் வேதாகமப் பக்கமே போகவில்லை. “பட்டறையை விற்றதைச் சொன்னபோது உங்களுக்குள் என்ன நடந்தது?” என்றார். எங்கள் வீட்டிலும் அப்பாவைக் கேட்காமல் ஒன்றை விற்றிருக்கிறோம். அரை மணி நேரம் அதிலேயே போய்விட்டது.

பழைய மாணவர்:
இந்தப் பயிற்சிக்கு நூறு வயது ஆகிவிட்டது. 1925 கோடையில் அமெரிக்காவின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர்களை முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட ஆன்டன் பாய்சன், 1920இல் தானே மனநோயாளியாக மருத்துவமனையில் இருந்தவர். நூல்களைப் படிப்பதுபோல் மனிதரையும் படிக்க வேண்டும் என்பதற்காக நோயாளிகளை ‘உயிருள்ள மனித ஆவணங்கள்’ என்றார். ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர் அவருக்குத் துணை நின்றார். கோட்பாட்டைவிட இந்த ஆள் கதைதான் எனக்குப் பிடிக்கும்.

எனக்கும் மனநலப் பிரிவுதான் கிடைத்தது. தன்னை வேதாகமத்தில் வரும் எலியா தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் இருந்தார். ‘இல்லை’ என்று வாதாடவும் கூடாது, ‘ஆமாம்’ என்று ஒத்து ஊதவும் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. “எலியாவுக்குக் காகம் அப்பம் கொண்டுவந்ததே, உங்களுக்கு யார் கொண்டுவருகிறார்கள்?” என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “காகமெல்லாம் வரலை. ராத்திரி டூட்டி அக்காதான் ரொட்டி எடுத்து வைப்பாங்க. வீட்ல இருந்து யாரும் வர்றதில்ல” என்றார். வீட்டைப் பற்றி அவர் பேசினது அதுதான் முதல் தடவை என்று அந்த நர்ஸ் பிறகு சொன்னார்.

கன்னியர் ஒருவர்:
கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து ஒன்று. நான் நற்கருணை (திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) கொண்டுபோகலாம், செபிக்கலாம். நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசும் சடங்கு) கொடுக்கவோ பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கவோ முடியாது, அது குருவின், அதாவது சாமியாரின், பணி. புற்றுநோய் முற்றிய ஒரு அம்மா சாமியாரைக் கேட்டார். சாமியார் தூரத்தில் இருந்தார். “வந்துகொண்டிருக்கிறார் அம்மா” என்பதைத் தவிர என்னிடம் ஒன்றுமில்லை. அந்த அம்மாவோ, சாமியாரிடம் சொல்லப்போவதை என்னிடம் ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டார். “அதை அவருக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள், அதுவரை வேறு ஏதாவது பேசுவோம்” என்றேன். தங்கை மேல் இருந்த கோபத்தைப் பேசினார், நன்றாகவே திட்டினார். சாமியார் வந்தபோது தெம்பாகத்தான் இருந்தார். எதைக் கொடுக்க முடியாது என்று தெரிந்துகொண்டு பக்கத்தில் இருப்பதற்கு எந்தத் தியானப் பயிற்சியும் என்னைத் தயார் செய்ததில்லை.

ஐசியூ செவிலியர்:
நான் ஊழியக்காரி இல்லை, எங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை. கூட்டமாக வந்து, சத்தமாக ஜெபித்து, கட்டிலைச் சுற்றி நின்று போட்டோ எடுப்பவர்களைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு அலுத்துவிட்டது. பயிற்சி எடுத்த பிள்ளைகளைப் பார்த்ததும் தெரியும். கை கழுவிவிட்டு வருவார்கள், முதலில் எங்களிடம் கேட்பார்கள். ஒரு பெண் வந்து, “இவருக்கு எந்தக் காது கேட்கும் சிஸ்டர்?” என்று கேட்டு, அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேஸ் ஷீட்டில் அவள் எழுதியது இரண்டே வரி: ‘மனைவியைத் தனியே விட்டுப் போவது குறித்துக் கவலை. இருவரையும் சேர்த்துப் பார்க்க டாக்டரிடம் நேரம் கேட்கிறார்.’ அவர் அந்தரங்கமாகச் சொன்னது எதுவும் அதில் இல்லை. அந்த இரண்டு வரியை வைத்துத்தான் டாக்டர் குடும்பத்தை அழைத்தார்.

சபை போதகர்:
நல்ல பயிற்சிதான், மறுக்கவில்லை. ஒரு யூனிட்டுக்கு, அதாவது பயிற்சியின் ஒரு கட்டத்துக்கு, 400 மணி நேரம், அதில் குறைந்தது 100 மணி வகுப்பும் குழுவும், மீதியில் பெரும்பகுதி வார்டில் என்பது இந்தப் பயிற்சிக்கான அமெரிக்க அமைப்பின் கணக்கு. ஆனால் சபை வேறு, வார்டு வேறு. வார்டில் நீங்கள் யாரோ. சபையில் துக்க வீட்டுக்குப் போய் வாயைத் திறக்காமல் உட்கார்ந்தால், ‘போதகர் ஐயாவுக்கு என்ன ஆச்சு, ஒரு வசனம்கூட வாசிக்கலையே’ என்பார்கள்.

மனைவியை இழந்த ஒருவர் வீட்டில், வந்தவர்களெல்லாம் ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்’ என்றார்கள். அவர் என்னிடம், “எடுத்துட்டார்னு எல்லாரும் சொல்றாங்க ஐயா, ஏன்னு ஒருத்தரும் கேட்க மாட்டேங்கிறாங்க” என்றார். நான் 13ஆம் சங்கீதத்தை வாசித்தேன்: “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” அவர் நிறுத்தச் சொல்லி, அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். ஆக, வசனமும் வேண்டும்தான். எந்த வசனம் என்பதைப் பயிற்சி சொல்லித் தராது, முதலில் அந்த ஆள் பேசி முடிக்கட்டும் என்பதைச் சொல்லித் தரும்.

வார்டு நடை:
போதகர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: நோட்டுப் புத்தகத்தை நோயாளி முன்னால் திறக்காதீர்கள். வெளியே வந்ததும் நாலு வார்த்தை குறித்துக்கொண்டு, முழுவதையும் தூங்குவதற்கு முன் எழுதிவிடுங்கள். காலையில் எழுதினால் நீங்கள் பேசினதெல்லாம் பிரமாதமாக இருக்கும்.