29இல் பிறந்த அம்மம்மாவைக் கணினி 2029க்கு அனுப்பியது: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

களுவாஞ்சிகுடி, தரவுப் பதிவாளர்

2012ஆம் ஆண்டு நடந்தது. எழுபது வயது கடந்தவர்களுக்கு மாதாந்தக் கொடுப்பனவு வழங்குவதற்கான பட்டியலைக் கணினியில் ஏற்றும் வேலை எனக்குக் கிடைத்தது. அலுவலகத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. படிவங்களில் பிறந்த திகதி 12/05/29, 03/08/31 என்றுதான் எழுதப்பட்டிருந்தது. நானும் கண்டபடியே எக்செல்லில் அடித்தேன்.

பட்டியல் அச்சாகிக் கிராம சேவையாளரின் கைக்குப் போன அன்று அம்மம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்: "தங்கச்சிக்கு எழுபது வந்துவிட்டது, மூத்தவள் எனக்கு இன்னும் வரவில்லையா, பிள்ளை?" சின்னம்மம்மாவின் பெயர் பட்டியலில் இருந்தது. அம்மம்மாவின் பெயர் இல்லை.

மறுநாள் கோப்பைத் திறந்து தேடினேன். அவருடைய வரிசை அழிந்திருக்கவில்லை. வயதுக் கட்டத்தில் -17 என்று நின்றது. திகதிக் கட்டத்தில் நான் அடித்த 12/05/29 அப்படியே தெரிந்தது. அதன்மேல் சுட்டியை வைத்து அழுத்தியபோதுதான், மேலேயுள்ள நீண்ட பட்டையில் 12/05/2029 என்று வந்தது. அன்றைய எக்செல் 00 முதல் 29 வரையுள்ள இரண்டு இலக்க ஆண்டுகளை 2000களில் சேர்த்தது, 30 முதல் 99 வரையுள்ளவற்றை 1900களில் சேர்த்தது. அக்காவும் தங்கையும் அந்தக் கோட்டின் இரண்டு பக்கத்திலும் விழுந்திருந்தார்கள். 31இல் பிறந்த தங்கைக்கு 81 வயது. 29இல் பிறந்த அக்கா இன்னும் பிறக்கவே இல்லை.

எழுபதும் அதற்கு மேலும் என்று வடிகட்டியபோது விழுந்தது அம்மம்மா மட்டும் அல்ல. 1929இலும் அதற்கு முன்பும் பிறந்த அத்தனை பேரும் விழுந்திருந்தார்கள். யாருக்கு முதலில் கிடைக்கவேண்டுமோ அந்த மிக மூத்தவர்கள்தான் ஒருவர் மிச்சமில்லாமல் போயிருந்தார்கள். அவர்களில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. 78 சூறாவளியில் போனது, 90இல் இடம்பெயர்ந்தபோது போனது, சுனாமியில் போனது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். கையில் எஞ்சியிருந்த ஒரே ஆதாரம் அடையாள அட்டை. அதிலும் ஆண்டு இரண்டு இலக்கம்தான்.

அம்மம்மாவின் அட்டை 29633 என்று தொடங்கும். 29 பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படும். 633இல் 500 போக 133ஆம் நாள், மே 12. நாளைக்கூட இவ்வளவு நுட்பமாகச் சொல்லும் அட்டை, நூற்றாண்டை மட்டும் சொல்லவில்லை. அந்த அட்டையைப் பார்க்கும் மனிதருக்கு அது தேவைப்படவில்லை. எதிரே நிற்கும் முகமே சொல்லிவிடும்.

அடுத்த பட்டியலில் எல்லோரையும் நான்கு இலக்கத்தில் மறுபடி அடித்தேன். ஒரு மாதப் பணம் தாமதமானது. அந்த ஒரு மாதம் இன்றுவரை என் நெஞ்சில் கிடக்கிறது. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

மட்டக்களப்பு, மென்பொருள் எழுதுபவர்

அக்கா, உங்கள் கோடு 29க்கும் 30க்கும் நடுவில் இருந்தது. எல்லா மென்பொருளுக்கும் ஒரே கோடாக இருந்திருந்தால் நாங்கள் அதை மனப்பாடம் செய்துகொண்டு தப்பித்திருப்போம். பைதான் நிரல்மொழியில் 00 முதல் 68 வரை 2000கள், 69 முதல் 1900கள். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 69 வரை 2000கள், 70 முதல் 1900கள். ஆக, 69 என்று எழுதினால் ஒன்றில் 1969, மற்றதில் 2069. ஜாவாவின் பழைய திகதி வகையில் கோடு நிலையாகவே நிற்காது. நிரல் ஓடும் நாளிலிருந்து பின்னால் 80 ஆண்டு, முன்னால் 20 ஆண்டு என்று நகர்ந்துகொண்டே போகும்.

ஒரு கடன் சங்கத்தின் அங்கத்தவர் பதிவுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும்போது இதில் மாட்டிக்கொண்டேன். பழைய கோப்பில் எல்லாம் இரண்டு இலக்கம். பைதானில் வாசித்து ஏற்றினேன். சோதனைக்கு எடுத்த பத்துப் பதிவுகளும் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பிறந்த இளம் அங்கத்தவர்களுடையவை, எல்லாம் சரியாக இருந்தன. சங்கத்தை ஆரம்பித்தவர்கள் எல்லோரும் 68க்கு முன் பிறந்தவர்கள். அவர்களில் ஒருவரையும் நான் சோதித்துப் பார்க்கவில்லை. முதல் நாளே, 58இல் பிறந்த ஒருவருக்குக் கடன் கொடுக்க மறுத்து "வயது போதாது" என்று திரை சொன்னது. அவர் சங்கத்தின் முன்னாள் தலைவர். கோபிக்கவில்லை. "தம்பி, 57 வெள்ளம் வடிந்த கையோடு நான் பிறந்தேன் என்று என் அம்மா சொல்லுவார்" என்றார்.

அந்த வார்த்தையைத்தான் இன்றும் யோசிக்கிறேன். 57 வெள்ளம், 78 சூறாவளி என்று எங்கள் ஊரில் எல்லோரும் இரண்டு இலக்கத்தில்தான் பேசுகிறோம். எந்த 57 என்று யாரும் கேட்டதில்லை. நூற்றாண்டு பேசுபவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கோப்புக்குள் போடும்போதுதான் தொலைகிறது.

ஏறாவூர்

2000 ஜனவரியில் சில இணையத்தளங்களில் ஆண்டு 19100 என்று வந்தது யாருக்காவது நினைவிருக்கிறதா? ஜாவாஸ்கிரிப்டில் அப்போது ஆண்டைக் கேட்டால் 1900ஐக் கழித்துவிட்டுத்தான் தரும். 99 வரை முன்னால் 19 ஒட்டினால் போதும். 2000 வந்ததும் அது 100 தந்தது, முன்னால் 19 ஒட்டியே இருந்தது. அன்றிலிருந்து எனக்கு இந்தத் துறையில் ஆசை வந்தது.

கல்முனை, தட்டச்சு நிலையம் நடத்துபவர்

எங்கள் கதை கணினிக்கு முன்பே தொடங்குகிறது. வாப்பாவின் காணிக்குப் புதிய உறுதி (காணிப் பத்திரம்) எழுதுவதற்காகப் பழைய உறுதிகளைப் பட்டியலிட்டோம். மிகப் பழையதன் மேல்மூலையில் யாரோ பென்சிலால் 16.8.04 என்று குறித்திருந்தார். உள்ளே எழுத்தில் ஆண்டு முழுமையாக இருக்கும்தான். அந்தப் பக்கத்தில் மை ஊறிப் பாதி எழுத்து போய்விட்டது. என்னிடம் வேலை செய்த பையன் பென்சில் குறிப்பைப் பார்த்து 2004 என்று அடித்தான். கணினி திகதி வரிசைப்படி அடுக்கிக் கொடுத்தது. 1938, 1961, கடைசியில் 2004.

வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துவிட்டு, "என் மூத்தவாப்பா மௌத்தாகி எத்தனை வருடம், அவர் சுனாமிக்கு நாலு மாதத்துக்கு முன் காணி வாங்கினாரா?" என்று கேட்டார். பையன் பயந்துவிட்டான். அவனை ஏசவில்லை. அவன் வயதில் 04 என்றால் 2004தான், அந்த ஆண்டைத் தவிர வேறு எதுவும் அவனுக்குத் தோன்றாது. வாப்பா உயிரோடு இருந்ததால் பிடிபட்டது. இல்லாவிட்டால் தாங்கள் விற்று முடித்த காணியை எங்கள் முன்னோர் மறுபடி வாங்கியதாக அந்த உறுதி சொல்லியிருக்கும்.

தம்பிலுவில், ஆசிரியை

2016 ஜனவரியிலிருந்து வழங்கப்படும் அடையாள அட்டையில் 12 இலக்கம், முதல் நான்கும் முழு ஆண்டு. 2000இல் பிறந்த பிள்ளைகள் பதினாறை எட்டியதும் அந்த ஆண்டில்தான். பழைய எண்ணை மாற்றுவது எளிது: முன்னால் 19, ஐந்தாம் இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0, கடைசி எழுத்தை எடுத்துவிடவேண்டும்.

ஆனால் இன்னொரு பொறி இருக்கிறது, பெற்றோர் விவரம் ஏற்றும்போது கண்டேன். அந்த நாள் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். மார்ச் 1 எந்த ஆண்டிலும் 61. எண்ணிலிருந்து பிறந்தநாளைத் தானாகக் கண்டுபிடிக்கும் மென்பொருளை எழுதியவர் இதை அறியவில்லை. லீப் ஆண்டு அல்லாத ஆண்டுகளில் மார்ச்சிலும் அதற்குப் பிறகும் பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் தள்ளி வந்தது. ஒரு தாய் வந்து, "சேர்டிபிகேட்டில் ஒன்று, உங்கள் தாளில் ஒன்று, எதை நம்புவது டீச்சர்?" என்று கேட்டார். சான்றிதழைத்தான் நம்பவேண்டும் என்றேன்.

மட்டக்களப்பு, மென்பொருள் எழுதுபவர்

நான்கு இலக்கம் எழுதிவிட்டால் முடிந்தது என்றும் இல்லை, டீச்சர். 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை 32 பிட் எண்ணில், அதாவது ஓர் எல்லைக்கு மேல் எண்ணமுடியாத இடத்தில், எண்ணும் நிரல்கள் இன்னும் ஓடுகின்றன. அந்த எண் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பும், எங்கள் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு. நீண்டகால வீட்டுக் கடனின் கடைசித் தவணையைக் கணக்கிடும் நிரலுக்கு அந்த நாள் இப்போதே வந்துவிட்டது.

களுவாஞ்சிகுடி, தரவுப் பதிவாளர்

தனியாக எழுதிக் கேட்டவர்களுக்கு இங்கேயே பதில் தருகிறேன். பழைய கோப்பு கையில் இருந்தால், முதலில் திகதிக் கட்டங்களை நான்கு இலக்கத்தில் காட்டும்படி மாற்றுங்கள். பிறகு பிறந்த திகதியைப் புதியதிலிருந்து பழையதாக அடுக்குங்கள். இன்றைக்குப் பிந்திய திகதிகள் மேலே வந்து நிற்கும். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். 2012இல் என் தவறு -17 என்று கத்தியது. இன்று 1924இல் பிறந்த ஒருவர் 2024 என்று விழுந்தால் எதுவும் கத்தாது. நடக்கத் தொடங்கிய ஒரு குழந்தையாக அவர் பட்டியலில் அமைதியாக இருப்பார். முதியோர் பட்டியலில் குழந்தை வயது இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் நீங்களாக 19 போடாமல் படிவத்தை எடுத்துப் பாருங்கள். படிவத்திலும் இரண்டு இலக்கம்தான் என்றால் அந்த வீட்டுக்கு ஒரு தடவை போய்வாருங்கள்.