அம்மாவுக்குத் திறன்பேசி, டேப்லெட், ஸ்மார்ட் கடிகாரம்: மூன்றையும் ஒரே கட்டாக வாங்கலாமா?

கேள்வி: மாலா, பட்டர்வொர்த்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 67. நீரிழிவும் இரத்த அழுத்தமும் பத்து ஆண்டுகளுக்கு மேலாக உண்டு. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் தொடர்ந்து மருந்து எடுத்து வருகிறார். அவர் கையில் இருக்கும் திறன்பேசி, நான் 2016-இல் வாங்கிக் கொடுத்தது. சென்ற மாதம் வங்கிச் செயலி, இந்தப் பதிப்பில் இனி இயங்காது என்று ஒரே வரியில் சொல்லி நின்றுவிட்டது. பின்மூடியும் ஓர் ஓரத்தில் சற்றுத் தூக்கிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் அம்மா அதைத்தான் இரவில் மின்னேற்றி, தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்.

புதிய கருவிக்காக 2,500 ரிங்கிட் ஒதுக்கியிருக்கிறேன். ஜார்ஜ்டவுனில் ஒரு பேரங்காடிக் கடையில், நான்கு கேமரா கொண்ட திறன்பேசி, 10 அங்குல டேப்லெட், ஸ்மார்ட் கடிகாரம் ஆகிய மூன்றையும் சேர்த்து 2,299 ரிங்கிட்டுக்குத் தருவதாகச் சொன்னார்கள். அந்தக் கடிகாரம் விரலில் ஊசி குத்தாமலேயே இரத்தச் சர்க்கரையைக் காட்டுமாம். விற்பனையாளர் என் கையிலேயே கட்டிக் காட்டினார்; 5.6 மில்லிமோல் என்று வந்தது. அம்மா விரலில் குத்திக்கொள்ளப் பயப்படுபவர் என்பதால் எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: வாங்கலாமா?

மறுமொழி 1: கருவிப் பித்தன், ஆயர் ஈத்தாம்

வணக்கம் சகோதரி. வாங்குவதைப் பற்றிப் பிறகு பேசலாம். பின்மூடி தூக்கியிருக்கிறது என்றால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். லித்தியம் அயனி பேட்டரி பழுதாகும்போது உள்ளே வாயு உண்டாகிப் பையைப் போல் வீங்கும். அதை அழுத்தினாலோ குத்தினாலோ, ஏன், மேலும் மின்னேற்றினாலே கூடத் தீப்பிடிக்கலாம். இன்றிரவே மின்னேற்றுவதை நிறுத்தி, இருக்கும் மின்சாரத்திலேயே படங்களையும் தொடர்பு எண்களையும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, அணைத்து, தலையணையிலிருந்து அகற்றிவிடுங்கள். குப்பைத் தொட்டியில் போடாமல், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

இப்போது கடிகாரத்துக்கு வருகிறேன். ஊசியின்றிச் சர்க்கரையைக் காட்டும் கடிகாரத்தை, தயவுசெய்து, இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். தோலைத் துளைக்காமல் இரத்தச் சர்க்கரையைத் தானே அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி அளித்ததில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்தது. ஆப்பிள், சாம்சுங் போன்ற பெரிய நிறுவனங்களின் கடிகாரங்களே இன்றுவரை அதைச் செய்வதில்லை. அப்படியானால் உங்கள் கையில் வந்த 5.6 எங்கிருந்து வந்தது? சர்க்கரை நோய் இல்லாதவருக்கு இயல்பாக இருக்கக்கூடிய ஓர் எண்ணைக் காட்டினால் யாரும் சந்தேகப்படப் போவதில்லை அல்லவா? இது போன்ற மலிவுக் கடிகாரம் ஒன்று என்னிடமும் இருந்தது. ஒரு நாள் அதை மேசையில் இருந்த வாழைப்பழத்தில் இறுக்கிக் கட்டினேன். பச்சை விளக்கு மின்னியது. அரை நிமிடத்தில் இதயத் துடிப்பு 78 என்று வந்தது. பழம் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தப் பச்சை விளக்கின் வேலையைப் புரிந்துகொண்டால் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது தெளிவாகும். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் இரத்தத்தின் அளவு கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் கடிகாரம் துடிப்பைச் சொல்கிறது. ஆக, நேரடியாக எண்ணப்படுவது துடிப்பு ஒன்றுதான், அதுவும் வார் தளர்ந்தாலோ கையை வீசி நடந்தாலோ பிசகும். இரத்த அழுத்தமோ அந்த ஒளியலையின் வடிவத்திலிருந்து ஊகிக்கப்படுவது. சாம்சுங் கடிகாரங்களில் அந்த வசதி உண்டு என்றாலும், 28 நாளுக்கு ஒருமுறை கைப்பட்டையுடன் கூடிய சாதாரண அழுத்தமானியால் அளந்து, அந்த எண்ணைக் கடிகாரத்துக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அழுத்தமானி எப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அளவீட்டை அதிலேயே எடுத்துவிடலாமே! ஆப்பிள் 2025-இல் கொண்டுவந்த உயர் இரத்த அழுத்த அறிவிப்பும் எண் எதையும் காட்டாது. ஏற்கெனவே இந்த நோய் உள்ளவர்களுக்கு அது உரியதும் அன்று. அம்மாவுக்கு ஏற்கெனவே நோய் இருப்பதால் அது பயன்படாது.

விரலில் குத்துவதுதான் சிக்கல் என்றால், மேற்கையில் ஒட்டிக்கொண்டு மெல்லிய இழையொன்றைத் தோலுக்கடியில் செருகும் உணரிகள் இருக்கின்றன. ஒரு வகை 14 நாள் வரை தாங்கும், அளவைத் திறன்பேசிக்கு அனுப்பும். செலவு தொடர்ந்து வரும் என்பதால், அம்மாவுக்கு அது தேவையா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பொய்யான எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும் ஆபத்து உண்டு. நான் இவ்வளவு நீட்டி எழுதுவது அதனால்தான்.

திறன்பேசியைப் பொறுத்தவரை, நான் இப்போதெல்லாம் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை வரும்? அம்மாவின் பழைய கருவி உடைந்து போகவில்லை; மென்பொருள் கைவிட்டதால்தான் வங்கிச் செயலி நின்றது. கூகுள் பிக்சல் 8-க்கு 2023-இலும், சாம்சுங் கேலக்ஸி எஸ்24-க்கு 2024-இலும் ஏழு ஆண்டு என்று அறிவித்தார்கள். அவை விலை கூடியவை. ஆனால் 2024 இறுதியில் வந்த கேலக்ஸி ஏ16 போன்ற எளிய வகைக்கே ஆறு ஆண்டு தருகிறார்கள் என்பதுதான் உங்களுக்கு முக்கியமான செய்தி. இந்தக் கணக்கு கருவி சந்தைக்கு வந்த காலத்திலிருந்து ஓடுவது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அன்று. கடையில் மூன்று ஆண்டு தூங்கிய சரக்கை மலிவாக வாங்கினால் மூன்று ஆண்டை அங்கேயே விட்டுவிட்டு வருகிறீர்கள்.

நான்கு கேமராவில் மயங்காதீர்கள். மலிவு வகைகளில் ஒன்றுதான் உருப்படியாகப் படம் எடுக்கும், மற்றவை பெரும்பாலும் 2 மெகாபிக்சல் ஒப்புக்குச் சப்பாணிகள். பெட்டியில் நினைவகம் "8+8" என்று அச்சிட்டிருந்தால் இரண்டாவது எட்டு, சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது. பிறகு, அந்தச் செட் அதிகாரபூர்வ மலேசியச் செட்டா, நிறுவனத்தின் முகவர் வழியாக அன்றி வேறு வழியில் இறக்குமதியான ஏ.பி. செட்டா என்பதையும் கேளுங்கள். ஏ.பி. செட்டுக்குப் பெரும்பாலும் கடைக்காரர் தரும் உத்தரவாதம் மட்டுமே. கடை மூடினால் அதுவும் போயிற்று. மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் முத்திரை பெட்டியிலோ அமைப்புகள் பக்கத்திலோ இருக்கிறதா என்று பாருங்கள்.

டேப்லெட் தேவையில்லை என்பது என் கருத்து. அந்தப் பணத்தில் நல்ல திறன்பேசியும் நல்ல அழுத்தமானியும் வாங்கலாம்.

மறுமொழி 2: சோதனைக்கூடம், பாயான் லெப்பாஸ்

பித்தன் அண்ணன் சொன்னதோடு உடன்படுகிறேன். இன்டெல் 1972-இல் இங்கே ஆலை திறந்த காலத்தில் என் தாத்தா வயல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் இப்போது அதே வட்டாரத்தில் வேறொரு தொழிற்சாலையில் மின்னணுப் பாகங்களைச் சூட்டிலும் ஈரத்திலும் வைத்துச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். அதனால் இந்த இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நம் ஊர் வெயில் பேட்டரிக்குப் பகை. ஐபோனை 35 பாகை செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்துமாறு ஆப்பிள் சொல்கிறது. அணைத்து வைத்திருந்தாலும் 45 பாகையைத் தாண்டக்கூடாது. பிற்பகலில் வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே இந்த அளவு எளிதாகத் தாண்டிவிடும். சூடும் முழு மின்னேற்றமும் சேரும்போதுதான் பேட்டரி விரைவாக மூப்படைகிறது. 80 விழுக்காட்டோடு மின்னேற்றத்தை நிறுத்தும் வசதி இப்போது பல கருவிகளில் இருக்கிறது. அம்மாவின் புதிய கருவியில் அதை முதல் நாளே இயக்கி வையுங்கள். தலையணைக்கு அடியிலோ மெத்தையிலோ வைத்து மின்னேற்ற வேண்டாம், புதிய பேட்டரியாக இருந்தாலும்.

பேட்டரி எத்தனை மின்னேற்றச் சுற்றுக்குத் தாங்கும் என்பதையும் கேட்டுப் பாருங்கள். 500 முழுச் சுற்றுக்குப் பிறகு 80 விழுக்காட்டுத் திறன் என்பது நெடுநாள் வழக்கமான கணக்கு. ஐபோன் 15 வரிசைக்கு ஆப்பிள் அதை 1,000 என்று 2024-இல் திருத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் விற்பனைக்கு வரும் திறன்பேசிகளுக்குக் குறைந்தது 800 சுற்று என்பது சட்டம். அந்தச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதே வகை இங்கும் விற்கப்பட்டால் பலன் நமக்கும் கிடைக்கும்.

நீர்ப்புகாத் தன்மையைப் பற்றி என் சொந்த மூடத்தனத்தைச் சொல்கிறேன். என் கைப்பேசி ஐ.பி. 68 தரம் பெற்றது என்ற துணிச்சலில், அதை வைத்துக்கொண்டே பத்து ஃபெரிங்கி கடலில் இறங்கினேன். மூன்றாம் நாள் ஒலிபெருக்கி கரகரத்தது. சிம் தட்டை இழுத்து, விளக்கடித்து உள்ளே பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய சிறு ஒட்டுத்தாள் வெற்றிலை போட்ட வாயைப்போலச் சிவந்திருந்தது. ஈரம் பட்டால் நிறம் மாறுவதற்கென்றே வைத்திருக்கும் அடையாளம் அது. பழுதுபார்க்கும் இடத்தில் அதைப் பார்த்ததும் உத்தரவாதம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஐ.பி. சோதனை ஆய்வுக்கூடத்தில், புதிய கருவியை நன்னீரில் வைத்துச் செய்யப்படுவது. உப்பு நீரும் சவர்க்கார நீரும் அந்தக் கணக்கில் வராது. ஓரத்துப் பசை மூப்படைந்தால் நன்னீருக்கும் உறுதியில்லை.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பிறை

டேப்லெட் தேவையில்லை என்று தம்பி ஒரே வரியில் தள்ளிவிட்டார். அவருடைய கண்ணுக்கு வயது குறைவு என்று நினைக்கிறேன். எனக்கு 71. திறன்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு திரைக்கு ஏழெட்டு வரிதான் வருகிறது. "கொண்டாட்டம்" என்ற ஒரு சொல்லே வரியின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலம் படிப்பவருக்குப் போதுமான திரை நமக்குப் போதாது. என் வீட்டில் திறன்பேசி அழைப்புக்கும் பணம் கட்டுவதற்கும்தான். நாளிதழ், தேவாரம், பேரப்பிள்ளைகளின் முகம் எல்லாம் டேப்லெட்டில்தான்.

ஆனால் அளவில் கவனம் வேண்டும். பத்தாம் தலைமுறை ஐபேட் 477 கிராம். படுத்துக்கொண்டு படித்தபோது அது நழுவி என் மூக்கின் மேல் விழுந்தது; இரண்டு நாள் மூக்குக் கண்ணாடி போட முடியவில்லை. எட்டு அங்குல அளவிலான ஐபேட் மினி 300 கிராமுக்கும் குறைவு. உங்கள் அம்மா படுத்துக்கொண்டு பார்ப்பவரா, மேசையில் சாய்த்து வைத்துப் பார்ப்பவரா என்பதைப் பொறுத்து அளவைத் தேர்ந்தெடுங்கள்.

தமிழ் உள்ளீட்டையும் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். பழைய கைப்பேசிகளில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005-இல் வந்தபோது, பொத்தான் கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பி மாணவர்களைத் திகைக்க வைத்தேன். இன்று பெரும்பாலான கருவிகளில் தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. ஆயினும் பேச்சைத் தமிழில் எழுத்தாக்கும் வசதி எல்லாவற்றிலும் ஒரே தரத்தில் இல்லை. விரல் நடுங்குபவர்களுக்கு அந்த வசதி பெரிய உதவி.

மறுமொழி 4: கருவிப் பித்தன்

ஐயா சொல்வது சரி. என் பேச்சில் அவசரம் இருந்தது. தமிழ்ச் சொல்லின் நீளத்தை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. வாட்ஸ்அப்பும் 2025 மே மாதம் முதல் ஐபேடில் தனிச் செயலியாகக் கிடைப்பதால், பேரப்பிள்ளைகளைப் பெரிய திரையில் பார்ப்பதற்கு இருந்த பழைய தடையும் நீங்கிவிட்டது. அப்படியானால் வரிசை இப்படி இருக்கட்டும்: அழுத்தமானி, திறன்பேசி, மீதம் இருந்தால் டேப்லெட். கடிகாரம் கடைசி. அதை வாங்கினாலும் கீழே விழுந்ததை உணர்ந்து உதவிக்கு அழைக்கும் வசதி உள்ள வகையாகப் பார்த்து வாங்குங்கள். தனியாக இருக்கும் பெரியவர்களுக்குக் கடிகாரத்தால் கிடைக்கும் உண்மையான பயன் அது.

மாலா, பட்டர்வொர்த்

எல்லாருக்கும் நன்றி. பழைய கைப்பேசியை அன்றிரவே அணைத்துவிட்டோம்; மறுநாள் மூடி இன்னும் சற்றுத் தூக்கியிருந்ததைப் பார்த்து அம்மாவே பயந்துவிட்டார். சனிக்கிழமை அதே கடைக்குப் போய், காட்சிக்கு வைத்திருந்த திறன்பேசியின் அமைப்புகள் பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு இரண்டு ஆண்டுக்கு முந்தையது. இனி எப்போது வரும் என்று கேட்டதற்கு, விற்பனையாளர் கேமராவைப் பற்றியே மறுபடியும் பேசத் தொடங்கினார். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வேறொரு கடையில் ஆறு ஆண்டுப் புதுப்பிப்பு உள்ள திறன்பேசியை முடிவு செய்திருக்கிறேன். டேப்லெட்டை அம்மாவையே அழைத்துப்போய்க் கையில் கொடுத்துப் பார்க்கப் போகிறேன். இன்னும் ஒரே ஒரு சந்தேகம். அழுத்தமானிப் பெட்டிகளில் கைப்பட்டைக்கு வெவ்வேறு அளவு போட்டிருக்கிறதே, எதை எடுப்பது? அம்மாவுக்குக் கை சற்றுப் பருமன்.

கருவிப் பித்தன்

நல்ல வேளை கேட்டீர்கள். தையற்காரர் நாடாவால், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றளவை எடுங்கள். பல பெட்டிகளில் வரும் சாதாரணப் பட்டை 22 முதல் 32 சென்டிமீட்டர் வரைக்குத்தான். அம்மாவின் கை அதைத் தாண்டினால் 42 வரை போகும் பெரிய பட்டை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் அழுத்தம் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். வாங்கியதும் அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது கையோடு எடுத்துச் சென்று, அவர்களுடைய கருவிக்குப் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.