பணியில் இருந்துகொண்டே இணையவழியில் எம்.ஏ. கல்வியியல்: குமரி மாவட்ட ஆசிரியர்களின் அனுபவப் பகிர்வு

குலசேகரம் பக்கத்துக் கணிதப் பட்டதாரி ஆசிரியை:

பதினான்கு ஆண்டுகளாக அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்து வருகிறேன். எம்.எஸ்சி., பி.எட். முடித்த அன்று, இனி ஒரு தேர்வும் எழுதுவதில்லை என்று வேண்டுதல் வைக்காத குறையாக இருந்த நான், 2023இல் இணையவழி எம்.ஏ. கல்வியியலில் சேர்ந்து, 2025இல் முடித்தேன். இதே எண்ணத்தில் இருக்கும் ஆசிரியர்கள் பலர் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருப்பதால், எல்லோருக்கும் பயன்படும்படி இங்கேயே எழுதிவிடுகிறேன். மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சேர்த்து எழுதினால் நன்று.

சேர்ந்த செய்தியைச் சொன்னதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "எம்.எட். தானே?" என்பதுதான். இரண்டும் ஒன்றல்ல. எம்.எட். என்பது தேசிய ஆசிரியர் கல்வி மன்றத்தின் ஏற்பு பெற்ற கல்லூரிக்கு நேரில் சென்று படிக்க வேண்டிய தொழிற்படிப்பு. அந்த மன்றத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் அதை இரண்டாண்டுப் படிப்பாக்கின. எம்.ஏ. கல்வியியல் அப்படியன்று. அது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, அனுமதி பெற்ற பல்கலைக்கழகங்கள் இணையவழியிலும் தொலைநிலையிலும் நடத்தக்கூடிய முதுகலைப் படிப்பு. அனுமதி முறையாக இருந்தால், நேரடிக் கல்லூரியில் பெற்ற பட்டத்துக்கு அது இணையானது. விடுப்பு எடுத்து இரண்டாண்டுகள் கல்லூரிக்குச் செல்லும் வசதி எனக்கு இல்லை என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

இதனால் என்ன கிடைக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். கல்வியியல் பாடத்தில், கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதலாம். பி.எட். கல்லூரிகளில் கல்வியியல் அடிப்படைத் தாள்களைக் கற்பிப்பதற்கான தகுதியாக, எம்.ஏ. கல்வியியலில் 55 விழுக்காடும் பி.எட்.டில் 55 விழுக்காடும் பெற்றிருப்பதை அதே 2014 விதிமுறைகள் ஏற்கின்றன. ஆனால் இந்தப் பட்டத்தை வைத்து முதுகலை ஆசிரியராக முடியாது. அதற்கு அந்தந்தப் பாடத்தில்தான் முதுகலை வேண்டும். உயர்கல்விக்குக் கிடைத்துவந்த ஊக்க ஊதிய உயர்வும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. சம்பளக் கணக்கைப் பார்த்துச் சேருகிறவர்கள் ஏமாந்து போவார்கள் என்பது என் கருத்து.

நேரத்தின் கணக்கை, கணித ஆசிரியையாக இருந்தும், கட்டணம் கட்டிய பிறகுதான் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 80 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேர உழைப்பு. ஆக 2,400 மணி நேரம். இரண்டு ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால், ஞாயிறு, தீபாவளி, கிறிஸ்துமஸ் எதையும் விடாமல் நாளொன்றுக்கு மூன்றேகால் மணி நேரம் வருகிறது. அவ்வளவு நேரம் ஒருநாளும் கிடைக்கவில்லை என்பதே உண்மை. மாலையில் எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவும் வீட்டு வேலையும் முடிந்தபின் பாடக் காணொளியைத் திறந்தால், ஐந்தாவது நிமிடத்தில் தூங்கிவிடுவேன். அதனால் விடியற்காலை நான்கு மணிக்கு மாறினேன். எங்கள் வேலிக்கு அப்பால் உள்ள ரப்பர் தோட்டத்தில், பால் வெட்டுகிறவர்களின் தலைவிளக்கு ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நகர்ந்துகொண்டிருக்கும் நேரம் அது. "மக்களே, அவங்களுக்காவது பால் கிடைக்கும், உனக்கு என்ன கிடைக்கும்?" என்று மாமியார் ஒருநாள் கேட்டார். கேலிதான் என்றாலும், அன்று முதல் நான்கேகாலுக்குப் பால் சேர்க்காத கட்டன்காப்பி மேசைக்கு வந்துவிடும்.

மொழி மற்றொரு தடையாக இருந்தது. பாட நூல்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழ்வழியில் பயின்ற எனக்கு முதல் பருவத்தின் முதல் ஒப்படைப்பை எழுதி முடிக்கப் பதினொரு நாள்கள் ஆயின. பிறகு ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டேன். படித்ததை முதலில் தமிழில், பக்கத்து வகுப்பு ஆசிரியைக்குச் சொல்வதைப்போல அரைப்பக்கம் எழுதுவேன். அப்படி எழுத வரவில்லையென்றால் எனக்குப் புரியவில்லை என்று பொருள். எழுத வந்த பிறகே ஆங்கிலத்துக்குப் போவேன். மூன்றாம் பருவத்தில் ஓர் ஒப்படைப்புக்கு மூன்று நாள்கள் போதுமானதாயிற்று.

இனி, இவ்வளவு நீளமாக எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். இரண்டாம் பருவத்தில் ஆஸ்திரேலியக் கல்வியாளர் ஆன் நியூமன் 1977இல் வெளியிட்ட பிழை ஆய்வு முறையைப் படித்தோம். சொற்கணக்கில் தவறும் குழந்தை எந்தப் படியில் தவறுகிறது என்பதை அந்தக் குழந்தையிடமே கேட்டறியும் முறை அது. வினாவை வாசிக்கச் சொல்ல வேண்டும். என்ன கேட்கிறார்கள் என்று சொல்லச் சொல்ல வேண்டும். எப்படிக் காணப்போகிறாய் என்று கேட்க வேண்டும். செய்து காட்டச் சொல்ல வேண்டும். இறுதியில் விடையை எழுதச் சொல்ல வேண்டும். இந்த முறையை நம் வகுப்பில் பயன்படுத்தி அறிக்கை தருவதே ஒப்படைப்பு.

என் ஆறாம் வகுப்பில் ஒரு மாணவன், "ஒரு கிலோ ரூ.160 வீதம் 12 கிலோ ரப்பர் ஷீட் விற்றால் கிடைக்கும் தொகை எவ்வளவு?" என்ற வினாவுக்கு 172 என்று விடை எழுதியிருந்தான். (ரப்பர் பாலை உறையவைத்து, தகடாக்கி உலர்த்தியதைத்தான் ஷீட் என்கிறோம்.) முந்தைய ஆண்டுகளாக இருந்தால் வாய்பாட்டைப் பத்து முறை எழுதி வரச் சொல்லியிருப்பேன். அன்று அருகில் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னேன். தடையின்றி வாசித்தவன், "வீதம்" என்ற சொல்லில் ஒரு கணம் நின்று கடந்தான். அதன் பொருளைக் கேட்டபோது, தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, "ரெண்டையும் சேக்கணும் டீச்சர்" என்றான். வாய்பாட்டில் அவனுக்கு எந்தக் குறையும் இல்லை. இரண்டாம் படியிலேயே கால் இடறியிருந்தது. தாளை எடுத்து வைத்துவிட்டு, "அப்பா பன்னிரண்டு கிலோ ஷீட் கொண்டுபோய் நூற்றறுபதுக்குக் கொடுத்தால் எவ்வளவு வரும்?" என்று கேட்டேன். "பத்துக்கு ஆயிரத்து அறுநூறு, ரெண்டுக்கு முந்நூற்று இருபது" என்று கண்ணை மேலே உருட்டிக்கொண்டே 1,920 என்றான். அத்தோடு நிற்காமல், "ஆனா அவ்வளவு தரமாட்டாங்க டீச்சர். ஈரம்னு அரைக் கிலோ கழிச்சுட்டு ஆயிரத்து எண்ணூற்று நாப்பதுதான் தருவாங்க" என்றும் சொன்னான். 80 ரூபாயைக் கழித்ததும் அவன்தான், நான் கேட்கவில்லை.

அதே வாரம் பாடத்தில் பிரேசில் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. ரெசிஃபே நகரத் தெருக்களில் பொருள் விற்கும் ஐந்து சிறுவர்களை டெரெசினா நூனெஸ், டேவிட் கேரஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகியோர் ஆராய்ந்து 1985இல் வெளியிட்டது. கடையில் வாடிக்கையாளரைப்போல் கேட்டபோது 98.2 விழுக்காடு சரியாகச் சொன்ன அந்தச் சிறுவர்கள், அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 36.8 விழுக்காடுதான் சரியாகச் செய்தார்கள். அதை வாசித்த விடியற்காலையில் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. பதினான்கு ஆண்டுகளில் எத்தனை 172களுக்குச் சிவப்பு மையால் குறி போட்டிருப்பேன் என்ற எண்ணம்தான் வந்தது.

குளச்சல் பக்கத்துத் தனியார் பள்ளி ஆசிரியை:

டீச்சர் எழுதிய முதல் பகுதியை 2022இல் நான் படித்திருந்தால் 15,000 ரூபாய் மிச்சமாகியிருக்கும். அப்போது ஒருவர் தொலைபேசியில் அழைத்து, வகுப்புக்கு வரவே வேண்டாம், ஓராண்டில் எம்.எட். பட்டம் வீட்டுக்கு வந்துவிடும், முன்பணம் மட்டும் இன்றே கட்டினால் சலுகை உண்டு என்றார். பேச்சில் அவ்வளவு மரியாதை. "மேடம்" என்ற சொல் இல்லாமல் ஒரு வாக்கியமும் இல்லை. பணம் கட்டிய மூன்றாம் வாரம், அதே எம்.எட். "எம்.ஏ.வுக்குச் சமமான சான்றிதழ்" என்று மாறியது; அதற்கடுத்த மாதம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரைச் சொன்னார்கள்; அதன் பிறகு அந்த எண் ஒலித்துக்கொண்டே இருந்தது, எடுப்பவர் இல்லை. எங்கள் பள்ளியில் என் மாதச் சம்பளம் அப்போது அந்தத் தொகையைவிடக் குறைவு. வீட்டில் இன்றுவரை முழுத்தொகையைச் சொல்லவில்லை.

பிறகு தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் படிப்புக்கு எந்தக் கல்வியாண்டில் அனுமதி இருக்கிறது என்ற பட்டியல், மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, நாம் சேரும் படிப்பின் பெயரும் ஆண்டும் அங்கே இருக்க வேண்டும். 2024 முதல், சேருவதற்கு முன் மாணவரே அந்தத் தளத்தில் டெப் ஐடி என்ற அடையாள எண்ணைப் பெற வேண்டும் என்ற நடைமுறையும் வந்திருக்கிறது. என்னை அழைத்தவரைப் போன்றவர்களுக்கு அது கொஞ்சம் இடைஞ்சலாக இருக்கும் என்று நம்புகிறேன்.

தக்கலை பக்கத்துத் தமிழாசிரியர்:

என்னுடையது இணையவழி அன்று. இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் தொலைநிலை எம்.ஏ. கல்வியியல். இருந்தாலும் நெருங்கிய செய்தி என்பதால் எழுதுகிறேன். நம் மாவட்டம் இக்னோவின் திருவனந்தபுரம் மண்டல மையத்தின் கீழ் வருகிறது. 1956 நவம்பர் 1இல் தாய்த்தமிழகத்தோடு இணைந்துவிட்டோம் என்று வகுப்பில் பெருமையோடு பாடம் நடத்திவிட்டு, மதிப்பெண் பட்டியலில் ஒரு திருத்தத்துக்காகத் திருவனந்தபுரத்துக்குப் பேருந்து ஏறியபோது எனக்கே சிரிப்பு வந்தது.

தேர்வைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடைபெறும்; ஒரு பருவத்தை விட்டால் அடுத்ததில் எழுதலாம். டிசம்பர் நமக்கு அரையாண்டுத் தேர்வின் மாதம். பகலில் பிள்ளைகளுக்குத் தேர்வு நடத்தி, இரவில் என் தேர்வுக்குப் படித்து, இரண்டையும் அரைகுறையாகச் செய்தேன். இரண்டாம் ஆண்டில் ஜூனுக்கு மாற்றிக்கொண்ட பிறகுதான் மூச்சு விட முடிந்தது. வீட்டிலிருந்தே கணினியின் முன் எழுதும் தேர்வு எளிது என்று எண்ணுகிறவர்களுக்கு என் தங்கையின் அனுபவத்தைச் சொல்கிறேன். கேமரா முன் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது; கைப்பேசி இணையத்துக்கு மாறுவதற்குள் வெளியேறியதாகப் பதிவாகிவிட்டது. மின்வாரியச் செய்தியைப் படம் பிடித்து அனுப்பி, மறுதேர்வு பெற ஐந்து வாரங்கள் ஆயின.

தோவாளை பக்கத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

நான் இந்தப் பட்டம் பெற்றவன் அல்லன்; பெற்றவர்களின் விண்ணப்பங்களை மேலே அனுப்பியவன். அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் பணியாற்றுகிறவர்கள், சேர்வதற்கு முன்பே துறையின் முன் அனுமதி பெற வேண்டும். தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பித்து, ஆணை கையில் வந்த பிறகு கட்டணம் கட்டுங்கள். என் பள்ளியில் திறமையான ஆசிரியர் ஒருவர், சேர்க்கைக்கான கடைசி நாள் நெருங்குகிறதே என்று முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு விண்ணப்பம் எழுதினார். அனுமதி ஆணையின் தேதி சேர்க்கைத் தேதிக்குப் பின்னதாக அமைந்தது. படிப்பை முடித்து, பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் பதியும் நேரத்தில் அந்த இரண்டு தேதிகளும் எதிரெதிரே நின்றன. விளக்கம், பின்னேற்பு, நினைவூட்டல் என்று அந்தக் கோப்பு நடந்த தூரத்துக்கு, அவர் நடந்தே எம்.எட். கல்லூரிக்குப் போய் வந்திருக்கலாம். சேர்க்கை ரசீது, அனுமதி ஆணை, ஒவ்வொரு பருவத்தின் மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் படிகளை ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குலசேகரம் டீச்சரிடம் ஒரு கேள்வி: அந்தப் பையனுக்கு மதிப்பெண் போட்டீர்களா? தாளில் இருப்பது 172. வாயில் வந்ததோ 1,920. கடையில் கிடைப்பது 1,840.

குலசேகரம் பக்கத்துக் கணிதப் பட்டதாரி ஆசிரியை:

சார், தாளில் போடவில்லை. தாளில் இருந்தது தவறுதான். ஆனால் மறுநாள் ஒரு பாடவேளை முழுவதையும் "வீதம்" என்ற ஒரே சொல்லுக்குக் கொடுத்தேன். நியூமன் சொன்னபடி ஒவ்வொருவரையும் கேட்டுப் பார்த்ததில், வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் அதை வாசித்துக் கடந்திருந்தார்களே தவிர, பொருள் அறிந்திருக்கவில்லை. தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ விலை, குளச்சலில் சாளை மீன் விலை, எங்கள் ஊரில் ஷீட் விலை என்று பலகை நிறைய "வீதம்" எழுதினோம். நான்காம் பருவ ஆய்வேட்டையும் அதையே பொருளாக வைத்துச் செய்தேன். வாய்மொழித் தேர்வு இணையத்தில் நடந்தபோது, ரப்பருக்கும் கணிதத்துக்கும் என்ன தொடர்பு என்று வட மாநிலத்துத் தேர்வாளர் கேட்டார். ஷீட் என்றால் என்ன என்பதை விளக்கவே எனக்குக் கிடைத்த நேரத்தில் பாதி போய்விட்டது.

இந்த ஆண்டு அந்த வினாவை, "ஈரத்துக்காக அரைக் கிலோ கழிக்கப்பட்டால் கிடைக்கும் தொகை எவ்வளவு?" என்று மாற்றி எழுதினேன். தாளைக் கொடுத்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும், பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு சிறுமி கையைத் தூக்கி, "எங்க பக்கத்துக் கடையில முக்கால் கிலோ கழிக்காங்க டீச்சர், அதுக்கு எழுதலாமா?" என்று கேட்டாள். எழுதச் சொன்னேன். 1,800 என்று எழுதியிருந்தாள்.