ஜெபத்தோடு ஆற்றுப்படுத்துதல்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

தேவகோட்டைப் பக்கம்

ஏழாம் மாசத்தில் குழந்தை போய்விட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்றார்கள், எனக்குக் காது அடைத்துப்போகும். நாத்தனார்தான் ஆற்றுப்படுத்தும், அதாவது மனக்கஷ்டத்தைக் கேட்டு ஆலோசனை தரும், கன்னியாஸ்திரி சிஸ்டரிடம் கூட்டிப்போனார். ஜெபம் சொல்லி, யாரையாவது மன்னிக்கச் சொல்லி அனுப்புவார் என்று நினைத்து உட்கார்ந்தேன். "காலையில என்னம்மா சாப்பிட்டே?" என்றார். முந்தின நாளும் சாப்பிடவில்லை. உள்ளே போய் ரெண்டு இட்லியும் மிளகாய்த் துவையலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் தின்று முடிக்கிறவரை எதிரில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். துவையல் காரத்துக்கு வந்த கண்ணீர் அப்புறம் நிற்கவே இல்லை. அதையும் அவர் துடைக்கச் சொல்லவில்லை.

மூன்றாம் தடவை போனபோதுதான் பைபிளில் வரும் இறைவாக்கினர் எலியாவைப் பற்றிச் சொன்னார். செத்தால் போதும் என்று சூரைச்செடி அடியில் படுத்துவிட்டவருக்கு வானதூதர் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும்தான், 1 அரசர்கள் 19. வருஷம் ஆறாகிறது, அந்தத் தட்டு கண்ணிலேயே நிற்கிறது.

காரைக்குடி

உங்களுக்கு நல்லவர் கிடைத்தார் சகோதரி. எல்லாருக்கும் அப்படி இல்லை. என் தம்பி மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான், வேலைக்கும் போனான். ஒரு ஜெபக்கூட்டத்தில் ஆலோசனை தருகிறோம் என்று மூன்று வாரம் கூப்பிட்டார்கள். மாத்திரை இருக்கிறவரை விசுவாசம் முழுசாகாது என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் மாத்திரை அட்டையைக் காணிக்கைத் தட்டில் போட்டான், நான் பின்வரிசையில் நின்று பார்த்தேன், சுற்றி எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். நாலாம் நாள் தூக்கம் போச்சு, பத்தாம் நாள் ராத்திரி சிவகங்கை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். இட்லி கொடுத்ததை எழுதுகிறீர்கள், நல்லது, ஆனால் இதையும் யாராவது எழுத வேண்டும்.

இளையான்குடி வட்டம்

அண்ணே, அதை ஆற்றுப்படுத்துதல் என்றே சொல்லக்கூடாது. பயிற்சி பெற்ற எவரும் மாத்திரையை நிறுத்தச் சொல்ல மாட்டார், டாக்டர் எழுதியதை டாக்டர்தான் மாற்ற வேண்டும். என் கதை சின்னது: அப்பா இறந்த வருஷம் ஓரியூர் போய், விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட புனித அருளானந்தர் ரத்தம் சிந்திய அந்தச் சிவப்பு மண்ணில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன், கூட வந்த ஃபாதரும் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

ஆனால் போகிறவர்கள் சிலதைக் கவனியுங்கள். எங்கே படித்தீர்கள் என்று கேளுங்கள், கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள். குருவிடம் பாவத்தை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனம் வேறு, இது வேறு. அங்கே சொன்னதைக் குரு சாகும்வரை வெளியே சொல்லக்கூடாது, இங்கே ரகசியம் காப்பீர்களா என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அடித்த புருஷனை உடனே மன்னித்துவிட்டு வீட்டுக்குப் போ என்கிறவரிடம் திரும்பப் போகாதீர்கள். அழுதால் விசுவாசக் குறைவு என்பவருக்குத் பைபிளில் திருப்பாடல் 88ஐக் காட்டுங்கள், அது கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது, அதுவும் ஜெபம்தான். அதே பைபிளில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்ததுதான் அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம், வாய் திறந்த பிறகுதான் கெட்டது. ராத்திரியில் சாகலாம் போல இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் பேசுங்கள், இலவசம், தமிழிலும் பேசலாம்.

தேவகோட்டைப் பக்கம்

காரைக்குடி அண்ணே, நீங்கள் எழுதியது சரிதான். தம்பி இப்போது எப்படி இருக்கிறார்?

காரைக்குடி

மாத்திரை சாப்பிடுகிறான், ஒழுங்காகத் தூங்குகிறான். கோயில் பக்கம் மட்டும் வருவதில்லை. நான் வா என்று கூப்பிடுவதும் இல்லை.

அந்த சிஸ்டர் ஆண்களையும் பார்ப்பாரா? தம்பிக்கு இல்லை. அன்றைக்குக் கை தட்டினது நான்தானே.