எக்ஸ்டெண்டட் அப்ஸ்ட்ராக்ட்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

அறிவியல் மாநாட்டுக்கு எழுதுவோருக்கான நெறிமுறைகளைத் தமிழில் எழுதும்போது ‘எக்ஸ்டெண்டட் அப்ஸ்ட்ராக்ட்’ என்பதற்கு ஒரு சொல் வேண்டும். இந்த இழையில் இதுவரை வந்தவை: நீட்டித்த சுருக்கம், விரிவான சுருக்கம், விரிசுருக்கம், குறுங்கட்டுரை, தொகைவிரி. இவற்றைப் பற்றி என் கருத்து.

முதலில், அது என்ன ஆவணம் என்று பார்த்துவிடுவோம். சாதாரண ஆய்வுச் சுருக்கம் பெரும்பாலும் 150 முதல் 300 சொற்களுக்குள் ஒரே பத்தியில் முடியும். படம் இருக்காது, அட்டவணை இருக்காது, மேற்கோள் பட்டியலும் இருக்காது. நாம் பேசுவதோ பொதுவாக 2 முதல் 4 பக்கம். தலைப்பு, ஆசிரியர் பெயர், சிக்கல், முறை, முதற்கட்ட முடிவு, ஓரிரு படங்கள், மேற்கோள் பட்டியல் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். “வெப்பம் கூடக் கூட வினைவேகம் கூடியது” என்று சொல்லிவிட்டுப் போவது சுருக்கம். இங்கே அந்த வரைபடத்தையே காட்டியாக வேண்டும். நடுவர்கள் அதைப் படித்துத்தான் ஏற்பதா வேண்டாமா, மேடை உரையா சுவரொட்டியா என்று முடிவு செய்கிறார்கள். சுருக்கத்தை எடுத்து நாலு வரி சேர்த்து இழுத்தால் இந்த ஆவணம் வந்துவிடாது. அப்படி இழுத்து அனுப்பி நிராகரிப்பு வாங்குபவர்கள் உண்டு. பாதிப் பழி அந்த ஆங்கிலப் பெயருக்குத்தான்.

அதனால் ‘நீட்டித்த சுருக்கம்’ எனக்கு ஒத்துவரவில்லை. தவறான யோசனையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருகிறது. ‘விரிவான சுருக்கம்’ காதில் விழுந்ததும் சிரிப்புதான் வருகிறது. ‘விரிசுருக்கம்’ இவற்றில் கச்சிதமானது. ஆனால் அதற்கும் ஒரு நடைமுறைத் தடை இருக்கிறது. பல மாநாட்டு வார்ப்புருக்களில் (டெம்ப்ளேட்) இந்த ஆவணத்தின் தலையிலேயே நூறு சொல் அளவில் ஒரு சுருக்கம் கேட்கிறார்கள். அப்போது “விரிசுருக்கத்தின் சுருக்கத்தைச் சாய்வெழுத்தில் தருக” என்று எழுத வேண்டிவரும். எது எது என்று மாணவர் திணறுவார். ஆகவே பெயரின் தலைச்சொல் ‘சுருக்கம்’ ஆக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

‘குறுங்கட்டுரை’ நல்ல சொல், ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. கணினித்துறை மாநாடுகள் பலவற்றில் ‘ஷார்ட் பேப்பர்’ என்று தனி வகையே உண்டு. ஒரே அறிவிப்பில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். குறுங்கட்டுரை பெரும்பாலும் முடிந்த வெளியீடாகக் கணக்கில் வரும். நம்முடையதை அனுப்பியவர் பின்னர் அதே ஆய்வை முழுக் கட்டுரையாக வேறிடத்தில் வெளியிடப் பல மாநாடுகள் இடம் தருகின்றன. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் சிக்கல் ஆசிரியருக்குத்தான்.

‘தொகைவிரி’ மேல் எனக்கு ஆசை உண்டு. தொகுத்தும் விரித்தும் எழுதுவது என்று பொருள்; நூல் யாக்கும் நான்கு வகையுள் ஒன்றாகத் தொல்காப்பியமும் நன்னூலும் சொல்லும் சொல். ஆனால் “தொகைவிரியை அனுப்புக” என்றால் இன்றைக்கு யாரும் வரவுசெலவுக் கணக்கைத்தான் அனுப்புவார்கள்!

என் பரிந்துரை: ஆய்வுப் பொழிப்பு. பொழிப்புரை என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். பொருளைத் திரட்டித் தருவது, ஆனால் விளங்கும் அளவுக்குத் தருவது. “ஆய்வுப் பொழிப்பின் சுருக்கம்” என்றால் குழப்பமும் இல்லை.

மறுமொழி:

ஐயா, வணக்கம். ‘சுருக்கத்தின் சுருக்கம்’ பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், விரிசுருக்கத்தை நான் முன்மொழிந்திருந்தாலும். ஆனால் பொழிப்பிலும் முள் இருக்கிறது. வெறும் அப்ஸ்ட்ராக்டுக்கே ‘பொழிப்பு’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். முனைவர் பட்டத்துக்குக் கொடுக்கும் சினாப்சிஸையும் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். ‘ஆய்வுப் பொழிப்பு’ என்று பார்த்ததும் இந்த மூன்றில் எதைக் கேட்கிறார்கள் என்று தெரியாது. விரிவு என்ற கருத்து பெயரில் எங்காவது தெரிந்தாக வேண்டும். ‘விரிபொழிப்பு’ என்றால் என்ன?

மறுமொழி:

விரிபொழிப்பு நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்வோம். அப்ஸ்ட்ராக்டைப் பொழிப்பு என்பவருக்கு அது விரிந்த பொழிப்பு. சுருக்கம் என்பவருக்கோ மோதலே இல்லை. வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது: விரிகதிர், விரிசடை போல விரிபொழிப்பு. ‘விரிப்பொழிப்பு’ என்று யாரும் தட்டச்சிட்டுவிட வேண்டாம்.

நெறிமுறை வாசகங்களில் வைத்துப் பார்த்தேன். “விரிபொழிப்பு, படங்களும் மேற்கோள் பட்டியலும் உட்பட, 2 பக்கங்களுக்குள் அமைய வேண்டும்.” “இடம் போதவில்லை என்று ஓர இடைவெளியையோ எழுத்தளவையோ குறைத்தால் விரிபொழிப்பு பரிசீலிக்கப்படாது.” “ஆசிரியர் அடையாளம் மறைத்த மதிப்பீடு என்பதால் விரிபொழிப்பில் பெயரும் நன்றியுரையும் இடம்பெறக் கூடாது.” எங்கும் இடறவில்லை. ஏற்பு கிடைத்த பிறகு அனுப்பும் ‘கேமரா ரெடி’ வடிவத்துக்கு ‘அச்சுப்படி’ போதும் என்று நினைக்கிறேன்; அதில் பெரிய விவாதம் வேண்டாம்.

தாள் அளவு பற்றி ஒரு வரி சேர்த்தேன். ஏ4 தாள் 210 × 297 மில்லிமீட்டர், அமெரிக்க லெட்டர் தாள் ஏறத்தாழ 216 × 279. வார்ப்புரு ஒன்றில் இருக்க, கோப்பை மற்றொன்றில் சேமித்தால் கடைசி வரிகள் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடலாம். அப்போது பக்க வரம்பு மீறியதாகிவிடும். பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துருவை உள்ளே பொதிக்கச் சொல்லும் வரியையும் விடவில்லை. தமிழ்ப் பெயரோ எடுத்துக்காட்டோ உள்ள ஆவணத்தில் அதை மறந்தால் எழுத்துகள் கட்டங்களாகவோ வேறு எழுத்துகளாகவோ தெரியக்கூடும்.

இப்போது இடறுவது வேறொன்று. பல வார்ப்புருக்கள் ‘டூ காலம்’ அமைப்பில், அதாவது செய்தித்தாள் போலப் பக்கத்தை மேலிருந்து கீழாக இரண்டாகப் பிரித்து, இருக்கின்றன. ‘இரு பத்தி அமைப்பு’ என்று எழுதினால் இரண்டே பத்தியில் முடிக்கச் சொல்கிறார்கள் என்று படிக்க வாய்ப்பிருக்கிறது, ஏனென்றால் பாராவுக்கும் பத்திதான். ‘நெடுவரிசை’ அட்டவணைக்குப் போய்விட்டது. ‘நிரல்’ என்றால் கணினிக்காரர்கள் புரோகிராம் என்பார்கள். இதழ் வடிவமைப்பில் இருப்பவர்கள் யாராவது இந்தக் குழுவில் இருந்தால், பக்க அமைப்பில் இதை என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.