டேங்க் வேர்ப்பது: ‘வியர்ப்பு’ சரியா?

> படகில் குளிர்ந்த டேங்கின் வெளிப்புறம் நீர்த்துளி படிவதை (condensation) சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ‘டேங்க் வேர்க்குது’ என்றுதான் சொல்கிறார்கள். அதற்குக் கலைச்சொல்லாக ‘வியர்ப்பு’ என்றே வைத்துவிடலாமே ஐயா? பாடநூலின் ‘ஆவி சுருங்குதல்’ விசைப்படகில் யார் வாயிலும் நுழையாது.

வணக்கம்.

நுழையாதுதான். ஆனால் ‘வியர்ப்பு’ தப்பான இடத்தைக் காட்டுகிறது. வியர்வை உள்ளிருந்து வருவது. மண்பானைக்குப் பொருந்தும், அங்கே உள்ளே இருக்கும் தண்ணீர்தான் சுவர் வழியே கசிகிறது. ஸ்டீல் டேங்கில் நிற்கும் துளியோ வெளிக்காற்றின் ஈரம். இது பிடிபடாமல்தான் ஓட்டையே இல்லாத டேங்குக்கு வெல்டிங் வைக்கிறார்கள். சந்தேகமா? டேங்கைத் துடைத்து, ஒரு சாண் பாலித்தீன் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பாருங்கள். தாளின் மேலே துளி நின்றால் காற்றிலிருந்து வந்தது. அடியில் நின்றால் ஒழுகல்.

என் சொல் ‘பனிப்பு’. கண் பனித்தது என்கிறோம் அல்லவா? பனிநிலை (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) என்ற சொல்லோடும் ஒட்டிப்போகும். காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை ஏறக்குறைய 28. ஐஸ் அறைத் தடுப்பை ஒட்டி நிற்கும் டேங்க் 20 டிகிரிக்கு இறங்கினால் பனிக்காமல் என்ன செய்யும்?

அடுத்து ‘பனிப்புத் தடுப்பு உறை’. இதற்கு நைட்ரைல் ரப்பர் ஃபோம்தான் சரி, அதன் கண்ணறைகள் (உள்ளே இருக்கும் நுண்குமிழ்கள்) மூடியவை. மெத்தைக் கடை ஸ்பாஞ்சு ஈரத்தைக் குடித்துக்கொண்டு அடியில் துருவை வளர்க்கும். மேற்சொன்ன கணக்குக்கு 13 மி.மீ. போதாது, 19 மி.மீ. தாங்கும். ஈரப்பதம் 90-ஐத் தொட்டால் இரண்டு அடுக்கு போட்டாலும் மட்டுமட்டுதான்.

மீன்பிடித் தடைக்காலத்தில் (ஏப்ரல் 15 – ஜூன் 14) செய்வது நல்லது. டேங்கைக் காலி செய்து, உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவிட வேண்டும். துரு இருந்தால் தேய்த்து பிரைமர். ரப்பர் பசையை டேங்கிலும் ஷீட்டிலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை (10–15 நிமிடம்) பொறுத்து அழுத்த வேண்டும். ஷீட்டை இழுத்து ஒட்டாதீர்கள், பிறகு சுருங்கி மூட்டு வாய் பிளக்கும். அளவைவிட 5 மி.மீ. கூட வெட்டி, நெருக்கி வையுங்கள். மூட்டுகளின் மேல் அலுமினிய டேப். விரலளவு இடைவெளி இருந்தாலும் காற்று உள்ளே போய் ஃபோமுக்குப் பின்னால் பனிக்கும், வெளியே தெரியவே தெரியாது. பலர் விடுவது டேங்கின் இரும்புக் கால்களை. அங்கேதான் முதலில் சொட்டும். கால்களையும் குழாய்களையும் ஒரு சாண் தூரமாவது மூடுங்கள். காற்றாடட்டும் என்று மூடியைத் திறந்து வைப்பது கடலில் வீண், ஈரக்காற்றை அழைத்து வருவதுதான் மிச்சம்.

> பனிப்புக்கு நடுக்கம் என்றும் பழைய பொருள் உண்டே?

உண்டு. படகு டேங்குக்கு நடுக்கம் என்று யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்பதால் அதை விட்டுவிடலாம் ஐயா. எனக்கு உறுத்துவது ‘உறை’. பனியும் உறையும் பக்கத்தில் வந்தால் ஐஸ் கட்டுவதாகத்தான் காதில் விழும். ‘பனிகாப்பு’ என்று சுருக்கினால் அந்தச் சிக்கல் இல்லை. “டேங்குக்குப் பனிகாப்பு போட்டாச்சா?” என்று கேட்கவும் வருகிறது.