1860 அடிமை அட்டவணையில் இருப்பவர் எங்கள் மருமகளின் முன்னோர்தானா?

பெரம்பூர் பாட்டி:
அனைவருக்கும் வணக்கம். என் மருமகள் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த கறுப்பினப் பெண். பேரனுக்காக அவள் வழி வம்சாவளியைத் தொகுத்து வருகிறேன். 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவளுடைய முன்னோர் ஒருவர் 35 வயது விவசாயியாகப் பெயருடன் பதிவாகியிருக்கிறார். 1860 அடிமை அட்டவணையில் (அந்தக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கென்று தனியாக எடுத்த பட்டியல்) அதே கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), அதே குடும்பப் பெயர் கொண்ட ஒரு நிலக்கிழாரின் கீழ் "25, ஆண், கறுப்பு" என்றொரு வரி இருக்கிறது. இவரே அவர் என்று எழுதிவிடலாமா?

ராயபுரம் வாசகர்:
அவசரப்பட்டு எழுதிவிட வேண்டாம், அம்மா. 1850, 1860 ஆகிய இரண்டு அட்டவணைகளிலும் உரிமையாளரின் பெயர்தான் உண்டு. அடிமைப்படுத்தப்பட்டவர்கள், மிக அரிதான விதிவிலக்குகள் நீங்கலாக, வயது, பால், நிறம் என்ற அளவிலேயே குறிக்கப்பட்டார்கள். அந்த வயதும் பெரும்பாலும் குத்துமதிப்பானது. 1865-இல் அடிமை முறை ஒழிந்து விடுதலை கிடைத்தபின் எல்லோரும் கடைசி எஜமானரின் பெயரையே வைத்துக்கொள்ளவில்லை என்பதால், குடும்பப் பெயர் ஒத்துப்போவது ஒரு தடயமே தவிரச் சான்று ஆகாது. கவுண்டி நீதிமன்றத்தில் அந்த நிலக்கிழாரின் உயிலும், அவர் இறந்தபின் எடுக்கப்பட்ட சொத்துப் பட்டியலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கோவேறு கழுதைக்கும் கட்டிலுக்கும் இடையே மனிதர்களின் பெயரும் அவர்களுக்கு இட்ட விலையும் எழுதப்பட்டிருக்கும்; படிக்கும்போது நெஞ்சு பதறும், ஆனால் பெயர் கிடைக்கக்கூடிய இடம் அதுதான். ஒரு தாயும் பிள்ளைகளும் அதில் சேர்ந்து வந்து, அவர்களின் வயதுகள் அட்டவணை வரிகளோடு பொருந்தினால், அப்போது உங்கள் ஊகத்துக்கு வலு சேரும்.

தண்டையார்பேட்டை ஆய்வு மாணவி:
ஜார்ஜியா என்பதால் இன்னொரு வழியும் உண்டு. 1867-இல் அங்கே வாக்காளர் பதிவு நடந்தபோது, விடுதலை பெற்ற ஆண்கள் உறுதிமொழிப் புத்தகங்களில் (அமெரிக்க அரசுக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுத்தவர்களின் பதிவேடுகள்) பதிவு செய்துகொண்டார்கள். அவருக்கு அப்போது 32 வயது இருந்திருக்கும். விடுதலை பெற்றோருக்காக 1865 முதல் 1874 வரை இயங்கிய ஃப்ரீட்மேன்ஸ் சேமிப்பு வங்கிக்கு சவன்னாவிலும் அகஸ்டாவிலும் கிளைகள் இருந்தன. கணக்குத் தொடங்கியவரின் பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்களும், சில படிவங்களில் பழைய எஜமானரின் பெயரும் அந்த வங்கிப் பதிவேடுகளில் காணப்படும். எனவே 1870-இலிருந்து பின்னோக்கி இவற்றைப் பார்த்துவிட்டு, கடைசியாக அடிமை அட்டவணைக்குப் போவதே முறை.

ராயபுரம் வாசகர்:
மாணவி சொல்வது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: அட்டவணையில் உரிமையாளர் என்று இருப்பவர், அடிமைகளை வேறொருவரிடமிருந்து வாடகைக்கு எடுத்தவராகவோ, சிறுவர் ஒருவரின் சொத்துக்குக் காப்பாளராகவோகூட இருக்கலாம். பெயர் உறுதிப்படாவிட்டாலும் அந்தப் பக்கம் வீணாகாது. 1860-இல் அடிமைகள் குடியிருந்த வீடுகளின் எண்ணிக்கைக்கும் அட்டவணையில் ஒரு நெடுவரிசை சேர்த்தார்கள். ஒரு பண்ணையில் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் அடைந்து கிடந்தார்கள் என்று கணக்கிட்டு அந்த ஊரின் வரலாற்றை எழுத முடியும்.

பெரம்பூர் பாட்டி:
இருவருக்கும் நன்றி. அந்த வரியை "உறுதிப்படாதது" என்று குறித்து வைத்துவிட்டு, முதலில் 1867 பதிவேட்டைத் தேடச் சொல்லி மருமகளுக்கு இன்றே எழுதுகிறேன்.